நீர் நடந்த வழி

சென்னையில் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் பல்லாவரத்து மலையையும் கோவளத்துக் கடற்கரையையும் அறியாதோர் சிலரே. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லாவரத்தில் ஒரு குகையைக் குடைவித்துத் தன் விருதுப் பெயர்களை அதில் பொறித்து வைத்தான். அது நெடுங்காலமாக ஒரு தர்காவாக இருந்து வருகிறது. கோவளமோ, ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி அவர்களின் பெயரால் அமைந்த தர்காவினால் நம்மவர் நாவில் நிலைத்த ஊர்; பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப் சஆதத்துல்லாஹ் கான் ‘சஆதத் பந்தர்’ என்று பெயரிட்டு வளர்த்த துறைமுகம். பாத்திஹா ஓதி, தபர்ருக் பெற்று, பேருந்தேறி வீடு திரும்பும் நமக்கு இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டென்று தோன்றுவதில்லை.

அந்த உறவு நீரால் அமைந்தது. பல்லாவரத்தில் பெய்யும் மழை ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்குகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டைக் கடந்து, கோவளத்து முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. மழைநீரெல்லாம் ஒரே வாயிலை நாடிச் செல்லும் இத்தகைய நிலப்பரப்பை நீர்வடிநிலம் என்பர். பள்ளிக்கரணையின் நீர்வடிநிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பெருங்குடி அதன் கீழ்க்கோடியில் அமைந்த ஊர்.

இவற்றை நான் ஏட்டில் படித்தவன். காலால் நடந்து அறிந்தவனல்லன். மாலை வேளையில் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளுள் ஒருவன், பள்ளிப் பாடத்தில் கண்ட ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்ற தொடருக்குப் பொருள் கேட்டான். அகராதியின் துணையோடு விளக்கினேன். அவன் விடவில்லை. “எங்க வீடு எந்த நீர்ப்பிடிப்புல இருக்கு ஹஜ்ரத்?” என்றான். முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தும் இதற்கு விடை கூற இயலாமல் நின்றேன். அந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பல்லாவரத்திலிருந்து நீர் செல்லும் வழியே புறப்பட்டோம். நடக்கக்கூடிய இடங்களில் நடந்தோம். இயலாத இடங்களை வாடகை வேனில் கடந்தோம்.

கல்வி தேடிப் பயணம் போவது நம் மரபுக்குப் புதிதன்று. ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டறிவதற்காக ஒரு மாத வழி நடந்தோர் உண்டென்று வரலாறு கூறும். அப்பயணத்தை ‘ரிஹ்லா’ என்றனர். ஆயினும் ஆசிரியரை நாடிச் செல்வது மட்டுமே ரிஹ்லா அன்று. நிலத்தையே ஆசிரியராகக் கொண்ட அறிஞரும் நம்மிடையே இருந்தனர். கி.பி. 973இல் குவாரஸ்ம் நாட்டில் பிறந்த அல்பீரூனி, இந்தியாவைக் குறித்துத் தாம் எழுதிய பெருநூலில் கங்கைச் சமவெளியின் தோற்றத்தை ஆராய்கிறார். மலையடிவாரத்தில் ஆறு உருட்டி வரும் கற்கள் பெரியவை. தொலைவு செல்லச் செல்ல அவை சிறுக்கின்றன. கடலை அணுகுமிடத்தில் பொடிமணலாகி விடுகின்றன. இதைக் கண்ட அவர், இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். கல்லையும் மணலையும் ஒப்பிட்டு நோக்கிய கண், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்டின் பிறப்பையே படித்துவிட்டது.

பல்லாவரத்தில் இதைச் சொன்னபோது, பிள்ளைகள் குனிந்து காலடியில் கிடந்த சரளைக் கற்களைப் பொறுக்கத் தொடங்கினர். அவ்வூரில் கல் பொறுக்குவது இழிவன்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், புவியியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் எடுத்த கல், ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று தெரிய வந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்நிலத்தில் மற்றொரு தொடக்கமும் நிகழ்ந்திருந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற படைத்துறை அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடைப்பட்ட தொலைவை நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை மாற்றி மாற்றி வைத்து, சுமார் ஏழரை மைல் தொலைவை அளந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. பிற்காலத்தில் இமயம் வரை சென்று எவரெஸ்டின் உயரத்தைக் கணித்த பெரும் நில அளவைப் பணிக்கு அடிப்படைக் கோடு அதுவே. பெரும்பாக்கம் சதுப்பின் தென்புறத்தில் உள்ளது. ஆக, இந்தியாவின் நிலப்படத்துக்கும் தொல்பழங்கால வரலாற்றுக்கும் இந்த ஒரு வட்டாரத்திலேயே வித்திடப்பட்டது. இரண்டும் நிலத்தில் நடந்தவர்களால் விளைந்தவை.

மலையிலிருந்து இறங்கி ஏரிகளுக்கு வந்தோம். பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை இவை. செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் ஏரித்தொடர் வேறு. வேளச்சேரிப் பக்கத்தது வேறு. யாவும் இறுதியில் சதுப்பை நாடுகின்றன. மூன்று புறம் கரையெழுப்பி, மேட்டுப்புறத்தைத் திறந்துவிட்டு, மழைநீரைத் தேக்குவது ஏரி. பாசனத்துக்கு நீர் விடுவது மதகு. ஏரி நிறைந்தபின் மிகுநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கட்டிய கல்லணை கலங்கல். மேலேரியின் கலங்கலில் வழியும் நீரே கீழேரியின் வரவு. எனவே மேலூரார் செய்யும் பிழை கீழூராரைச் சேரும். இதை உணர்ந்த நம் முன்னோர் ஏரியைப் பொதுப்பொறுப்பாக்கினர். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிக்கிறது. கரையைப் பலப்படுத்துவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் குடிமராமத்து என்ற பெயரால் ஊராரின் கடமையாய் இருந்தன.

நண்பகலுக்குப்பின் பெருங்குடி ரயில் நிலையத்தை அடைந்தோம். அந்நிலையம் 2007இல் திறக்கப்பட்டது. அதன் மேடையிலிருந்து தெற்கே நோக்கினால் சதுப்பு விரிகிறது. கோரையும் சம்பும் அடர்ந்த நீர்வெளியில் கூழைக்கடாக்களும், பூநாரைகளும், நீலத் தாழைக்கோழிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. ஊசிவால் வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து வருபவை என்றேன். “அல்பீரூனி ஊர்ப் பக்கத்துல இருந்தா?” என்று ஒரு சிறுவன் கேட்டபோது, காலையில் சொன்ன பாடம் வீணாகவில்லை என்று அகம் மகிழ்ந்தேன்.

ஆனால் அதே காட்சியின் ஓரத்தில் குப்பைமேடு நின்றது. நகரத்துக் குப்பை 1980களிலிருந்து இச்சதுப்பில்தான் கொட்டப்பட்டு வந்தது. பழைய குவியலைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கிற்று. சாலைகளும் கட்டடங்களும் சதுப்பைக் கூறுபோட்டு, அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டுச் சிறப்புடைய நீர்நிலைகளைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவை விரும்பிகளும் மாணவர்களும் ஊர்மக்களும் பல்லாண்டுகள் இங்கு வந்து பார்த்ததும், எண்ணியதும், எழுதியதும் இல்லையேல் அதுவும் நிகழ்ந்திராது.

எங்களைக் கண்ட முதியவர் ஒருவர் அருகே வந்தார். சிறு வயதில் இங்கே கோரையறுத்தவராம். “இத்த எல்லாரும் சும்மா கெடக்கற எடம்னாங்க பாய். இது என்னிக்கும் சும்மா கெடந்ததில்ல” என்றார். அன்று கேட்ட சொற்களுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுவே. வரி தராத நிலத்தைப் பயனற்ற நிலமாகக் கருதிய வருவாய்த்துறை மரபில், கழுவெளியாகிய இச்சதுப்பு தரிசென்றே எண்ணப்பட்டது. பெயர் அவ்வாறாயிற்று, குப்பையும் அங்கே போயிற்று.

இதே எண்ணம் நகரின் நடுவிலும் ஒரு பேரேரியை விழுங்கியதுண்டு. அதற்குமுன் எச்சரித்தவர் ஒருவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கூறினேன். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், எடின்பரோவில் 1892 முதல் ஒரு கோபுர இல்லத்தை நிலக்கல்விக் கூடமாக நடத்தியவர். மலையிலிருந்து கடல்வரை ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மாணவர் நடக்க வேண்டும்; மலையில் கல்லுடைப்பவரும், சரிவில் ஆடு மேய்ப்பவரும், சமவெளியில் உழுபவரும், கரையில் மீன் பிடிப்பவரும் எவ்வாறு நிலத்தோடு பொருந்தி வாழ்கின்றனர் என்று காண வேண்டும்; அதுவே கல்வியின் அடிப்படை என்று போதித்தார். 1914இல் அவர் சென்னைக்குப் புறப்பட்டபோது, அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது. கொசுவுக்கு அஞ்சி நகரத்துக் குளங்களைத் தூர்க்க முற்பட்டோரை அவர் தடுத்துரைத்தார். மீன் வளர்த்தால் கொசு ஒழியும், குளத்தைத் தூர்த்தால் வெள்ளம் வரும் என்பது அவர் கருத்து. அக்குரல் எடுபடவில்லை. பத்தாண்டுகள் ஆகுமுன் மாம்பலத்துப் பேரேரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரம் எழத் தொடங்கிற்று.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், தாம்பரத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாம்பரம் இந்நீர்வடிநிலத்தின் மேட்டுப்புறம். ஏரிகள் சுருங்கி, கலங்கல்கள் அடைபட்டு, சதுப்பும் குறுகியிருந்த நிலையில் அவ்வளவு நீரும் தெருக்களில் புகுந்தது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், முதலில் வினா எழுப்பிய அந்தப் பிள்ளை மௌனமானான். கையிலிருந்த பழைய நிலப்படத்தின் நகலை உற்று நோக்கினான். நீல வண்ணம் தீட்டிய ஓர் ஏரியின் எல்லைக்குள் விரலை வைத்தான். “ஹஜ்ரத், எங்க வீடு ஏரிக்குள்ளயா இருக்கு?” என்றான்.

அவன் தந்தையை நான் அறிவேன். வளைகுடா நாட்டில் பதினாறு ஆண்டுகள் உழைத்து, வட்டிக்கடன் வாங்காமல், சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியவர். பத்திரத்தில் குறை ஏதுமில்லை. வரலாற்றைக் கற்பிப்பவன் இத்தகைய வேளையில் என் செய்வது? உண்மையை மறைத்தால் அது கல்வியன்று. தந்தையைக் குற்றவாளியாக்கினால் அது நீதியன்று. “ஆமா தம்பி, ஏரிக்குள்ளதான் இருக்கு. உங்க வாப்பா மேல குத்தமில்ல. வித்தவங்க சொல்லல, நம்மள மாதிரி படிச்சவங்க யாரும் சொல்லிக் குடுக்கல” என்றேன். அப்படிச் சொன்னபோது, அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை உணர்ந்தேன்.

நம் ஃபிக்ஹு நூல்களைப் படித்தோர் ‘ஹரீம்’ என்ற சொல்லை அறிவர். கிணற்றையும் ஆற்றையும் சுற்றி, எவரும் தமதாக்கிக்கொள்ளாமல் அவற்றின் நலனுக்கென விட்டுவைக்க வேண்டிய நிலம் அது. ஹரீம் என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று நெடுநாள் தேடியிருக்கிறேன். அன்று சதுப்பின் கரையில் நிற்கையில் தோன்றியது: புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறம்பாக, ஏரிக்கும் வாய்க்காலுக்கும் மேய்ச்சலுக்கும் சுடுகாட்டுக்கும் என ஊரார் பொதுவில் விட்ட நிலம். இரு மொழியிலும் நமக்குச் சொல் இருந்தது. ஒன்றைக் கிதாபுக்குள் பூட்டிவிட்டோம். மற்றொன்றைத் தெருவில் ஏசும் சொல்லாக்கிவிட்டோம்.

வாசக அன்பர்கள் அடுத்த முறை கோவளம் செல்லும்போது, ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, பெருங்குடியில் இறங்கிப் பிள்ளைகளோடு சதுப்பைப் பாருங்கள். உங்கள் தெருவில் விழும் மழை எங்கே போகிறது என்று அவர்களைக் கேளுங்கள். தெரியாதெனின் சேர்ந்து தேடுங்கள். அதற்குச் செலவும் இல்லை, சான்றிதழும் வேண்டியதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபின் ஒரு மாலை, அந்தப் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் விரித்தான். நனைந்துகொண்டே தெருத் தெருவாய்ப் பார்த்து வரைந்த படம். மழைநீர் எந்த முனையில் திரும்புகிறது, எந்த வாய்க்கால் கட்டட இடிபாடுகளால் அடைபட்டிருக்கிறது, அது எங்கே சதுப்பைச் சேர வேண்டும் என்றெல்லாம் அம்புக்குறி இட்டிருந்தான். அடைப்பை எடுக்கத் தன் வாப்பாவும் அண்டை வீட்டாரும் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதியிருப்பதாகச் சொன்னான். வாய்க்கால் என்பதில் ஒற்றெழுத்தை விட்டிருந்தான், திருத்திக் கொடுத்தேன். ஏரியின் பழைய எல்லையை நீல மையால் வரைந்து, அதற்குள் தன் வீட்டைச் சிறு சதுரமாகக் குறித்திருந்தான். அது சரியான இடத்தில் இருந்தது.