லோலாவின் 20 நிமிடமும் விக்டோரியாவின் விடியலும்

டாம் டிக்வரின் ‘ரன் லோலா ரன்’ 1998இல் வந்தது. செபாஸ்டியன் ஷிப்பரின் ‘விக்டோரியா’ 2015இல். இரண்டும் பெர்லின் தெருக்களில் நடக்கும் விறுவிறுப்புப் படங்கள். இரண்டிலும் ஓர் இளம்பெண், ஒரு கொள்ளை, ஒரு பை நிறையப் பணம். லோலாவுக்குத் தேவை 1,00,000 மார்க். விக்டோரியாவோடு போகும் இளைஞர்கள் குறிவைப்பது 50,000 யூரோ. மார்க்கை யூரோவாக மாற்றிய கணக்குப்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. இன்னொரு தொடர்பும் உண்டு. லோலா ஓடும் வழியில் கூடவே சைக்கிளில் வந்து, “சைக்கிள் வேணுமா?” என்று கேட்கும் இளைஞனாக நடித்தவர் இதே ஷிப்பர்தான்.

ஆனால் பார்த்தவர்களின் குறைகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. லோலாவைப் பற்றிக் கேட்டால், “பாட்டு வீடியோ மாதிரி ஓடுது, கதை எங்கே?” என்பார்கள். விக்டோரியாவைப் பற்றிக் கேட்டால், “முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்கல” என்பார்கள். அங்கே வேகம் குற்றம். இங்கே நிதானம் குற்றம். கதை வேறு, ஸ்டைல் வேறு, ஸ்டைல் என்பது மேலே பூசிய சாயம் என்ற எண்ணமே இரண்டு புகாருக்கும் வேர். கையில் அதிகக் காசில்லாத இந்த இரண்டு இயக்குநர்களும் நேரத்தைத்தான் மூலதனமாகப் போட்டார்கள். டிக்வர் அதைத் துண்டு துண்டாக வெட்டினார். ஷிப்பர் வெட்டவே மறுத்தார்.

லோலாவின் கணக்கு எளியது. காதலன் மானி பணப்பையை ரயிலில் விட்டுவிட்டான். 12 மணிக்குள் பணம் வராவிட்டால் அவன் உயிர் போகும். மீதமிருப்பது 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தைப் படம் மூன்று முறை ஓட்டிக் காட்டுகிறது. சில நொடி முன்பின்னானால் எல்லாம் மாறிவிடுகிறது. அவள் மோதிக்கொண்டு போகும், குழந்தை வண்டி தள்ளிவரும் பெண்ணைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் எதிர்காலம் படபடவென்று நிழற்படங்களாக வந்து போகிறது. ஒரு சுற்றில் தன் குழந்தையைப் பறிகொடுத்து வேறொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். இன்னொன்றில் லாட்டரியில் பரிசு விழுகிறது. மற்றொன்றில் மதப் பிரசாரத்துக்குப் போய்விடுகிறாள். முழு வாழ்க்கையும் சில நொடிகளில் சொல்லி முடிந்துவிடுகிறது. இதைக் கதையில்லை என்று எப்படிச் சொல்வது? லோலாவும் மானியும் இருக்கும் காட்சிகள் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. அவர்கள் இல்லாத காட்சிகள் மங்கிய வீடியோவில். அவர்கள் இல்லாத உலகம் சாரமற்றது என்று வசனமில்லாமலே உணர்த்திவிடுகிறார் டிக்வர். டெக்னோ இசையும் அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து அமைத்ததே. அந்தத் தாளத்தை நிறுத்தினால் ஓட்டமும் நின்றுவிடும்.

விக்டோரியாவுக்கு இரண்டாம் வாய்ப்பே கிடையாது. 2014 ஏப்ரல் 27 அதிகாலை சுமார் நாலரை மணிக்கு ஓடத் தொடங்கிய கேமரா, ஏறத்தாழ 7 மணிவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. கணினியில் ஒட்டுப்போட்ட ஒற்றை ஷாட் அல்ல. நிஜமாகவே ஒரே ஷாட். 12 பக்கத் திரைக்கதை. வசனத்தில் பெரும்பகுதியை நடிகர்களே அந்தந்த நேரத்தில் பேசினார்கள். எடுத்தது மூன்று முறை. நாம் பார்ப்பது மூன்றாவது. லோலா திரையில் மூன்று முறை ஓடினாள். இவர்கள் திரைக்கு வெளியே மூன்று முறை ஓடியிருக்கிறார்கள்.

அந்த முதல் ஒரு மணி நேரத்துக்காக நான் வாதாடுவேன். மாட்ரிட்டிலிருந்து வந்து பெர்லின் காபிக் கடையொன்றில் வேலை பார்க்கும் பெண், நடன விடுதி வாசலில் நான்கு இளைஞர்களைச் சந்திக்கிறாள். மொட்டைமாடியில் பீர், வெட்டிப் பேச்சு, அரைகுறை ஆங்கிலம். பிறகு காபிக் கடைப் பியானோவில் லிஸ்ட்டின் ‘மெஃபிஸ்டோ வால்ட்ஸ்’ வாசிக்கிறாள். இசைப் பள்ளியில் பல வருடம் பாடுபட்டும், நீ தேறமாட்டாய் என்று அனுப்பப்பட்டவள் என்று அப்போதுதான் தெரிகிறது. அருகில் நிற்கும் சோனெ என்ற இளைஞன் வாயடைத்துப் போகிறான். முன்பின் தெரியாதவர்களுக்காக ஒருத்தி கொள்ளைக்கு வண்டி ஓட்டுவாளா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பியானோதான் விடை. தனிமையில் கிடந்தவளுக்கு அன்றிரவுதான் ஒரு கூட்டம் கிடைத்தது. அந்த நட்பு உருவாக ஆன நேரத்தை நாமும் கூடவே செலவழித்திருப்பதால்தான், பின்பாதியில் துப்பாக்கி வெடிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. கொள்ளைத் திட்டம் மட்டும் நம்பும்படியாக இல்லை என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். அவ்வளவு அவசரமாகப் போட்ட திட்டம் அவ்வளவு தூரம் நிறைவேறுவது இடிக்கத்தான் செய்கிறது.

ஜெர்மனியின் தேசியத் திரைப்பட விருதுக்கு 1999 முதல் லோலா என்று பெயர். டிக்வரின் நாயகியும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். 2015இல் விக்டோரியா 6 லோலா விருதுகளை வென்றது.

இரண்டில் எது உயர்ந்தது? எத்தனை முறை போட்டாலும் சலிக்காதது லோலாதான். சுமார் 80 நிமிடத்தில் ஒரு நொடிகூட வீணில்லை. ஆனால் என் ஓட்டு விக்டோரியாவுக்கு. லோலாவில் தப்பு செய்தால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இறந்தவர் எழுந்து வருவார். விக்டோரியாவில் இறந்தவர் இறந்தவர்தான். லோலா கடைசியில் பணப்பையோடு காதலன் பக்கத்தில் நடக்கிறாள். விக்டோரியா அதேபோல ஒரு பையைத் தூக்கிக்கொண்டு காலை வெளிச்சத்தில் தனியாக நடந்து போகிறாள். கேமரா நின்று அவளைப் போகவிடுகிறது.

முடிந்தால் இரண்டையும் ஒரே இரவில் பாருங்கள், லோலாவை முதலில். விக்டோரியா முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். அதன் கடைசிப் பெயர்ப் பட்டியலில் முதலில் வருவது இயக்குநர் பெயர் அல்ல. விடிய விடியக் கேமராவைச் சுமந்து ஓடிய ஒளிப்பதிவாளர் ஸ்டுர்லா பிராண்ட் குரோவ்லனின் பெயர்.