பெருமுக்கல் மலையேறிய சிப்பாய்கள்

வந்தவாசிப் போர் என்றதும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலி என்ற இரண்டு பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 1760 ஜனவரி 22 அன்று கூட்டின் படையில் சுமார் 2,100 சிப்பாய்கள் இருந்தார்கள். லாலியிடம் 1,300 பேர். வெள்ளைக்காரர் இருவர் மோதிய களத்தில் இரு பக்கமும் நம்மவர்கள்!

இந்தச் சிப்பாய்ப் படை உருவானதே நம் பக்கத்தில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே இந்தியர்களுக்கு ஐரோப்பியக் கவாத்துப் பழக்கினார். 1746இல் அடையாற்றங்கரையில் அந்தச் சிறு படை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆற்காடு நவாபின் சேனையைச் சிதறடித்தது. வரிசை கலையாமல் நின்று, உத்தரவு வந்ததும் ஒரே வீச்சில் சுட்டு, மறுபடி மருந்து கெட்டித்துச் சுடும் பயிற்சிக்கு முன் குதிரைப்படை நிற்கவில்லை. பார்த்த ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? 1748இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அதே வேலையைத் தொடங்கினார். பத்தாண்டுக்குள் மதராஸ் சிப்பாய்கள் பட்டாளங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டார்கள். சேர்ந்தவர்களில் தமிழரும் உண்டு, வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவரும் உண்டு. ஊரெல்லாம் போரில் பாழான காலத்தில் மாதச் சம்பளம் பெரிய ஆதாரம்.

வந்தவாசியில் முக்கியச் சண்டை ஐரோப்பிய அணிகளுக்கிடையே நடந்தது. கூட் வென்றதும் அவருடைய சிப்பாய்த் தலைவர்கள் அவரிடம் போய், இப்படியொரு போரைக் கண்டதே இல்லை என்று நன்றி சொன்னதாக ஓர்ம் என்ற ஆங்கிலேயர் பெருமையோடு எழுதுகிறார். எனக்கு அதைப் படிக்க வலிக்கிறது. பந்தயப் பொருளாக இருந்தது அவர்கள் மண்!

சில வாரங்களில் கூட் பெருமுக்கல்லுக்கு வந்தார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், உச்சியில் சிவன் கோயில் உள்ள அதே பாறை மலைதான். மேலே பிரெஞ்சுக் காவல். செங்குத்தான பாறையில், குண்டு மழைக்கு நடுவே ஏறியவர்களில் சிப்பாய்களும் இருந்தார்கள். மேலிருந்து சுட்டவர்களிலும் சிப்பாய்கள் இருந்தார்கள். கூட்டின் முழங்காலில் குண்டு பாய்ந்ததை வரலாறு மறக்காமல் குறித்திருக்கிறது. மலையில் விழுந்த சிப்பாய்களோ எண்ணிக்கைக் கணக்கோடு சரி. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் வீழ, பிரெஞ்சுக்காரர் கனவு முடிந்தது.

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டார வாசகர்களே, சிப்பாய்களின் பெயர்கள் இனியும் தொலையாதிருக்க, உங்கள் வீட்டுப் பரணில் பட்டாளத்துப் பதக்கமோ பழைய பென்ஷன் காகிதமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம், 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சி.