புனேயில் கேபிள் தொலைக்காட்சியின் டிஜிட்டல் மாற்றம்

புனே, பிம்பிரி-சிஞ்ச்வாட் மாநகரங்களில் கேபிள் தொலைக்காட்சி அனலாக் முறையைக் கைவிட்டு டிஜிட்டல் முறைக்கு மாறுவதற்குச் சட்டம் விதித்த கெடு 31 மார்ச் 2013. நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக நடந்த கட்டாய மாற்றத்தில் இது இரண்டாம் கட்டம். படம் தெளிவானது, சேனல்கள் பெருகின. மாற்றத்துக்கான செலவில் பெரும்பகுதியைச் சந்தாதாரர்களே ஏற்க வேண்டியிருந்தது.

அனலாக் காலம்

மும்பைத் தொலைக்காட்சி நிலையம் 2 அக்டோபர் 1972 அன்று தொடங்கியது. மறு ஆண்டு, புனேக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள சிங்ககட் கோட்டையில் அமைந்த மறுஒளிபரப்புக் கோபுரம் அந்நிகழ்ச்சிகளைப் புனேக்குக் கொண்டுவந்தது. மாடியில் ஆன்டெனா நட்டால் போதும். ஆண்டு உரிமக் கட்டணமும் 1980-களின் நடுவில் நீங்கியது.

1991-க்குப் பின் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. கேபிள்காரர்கள் பெரிய டிஷ் வைத்து, மாடிக்கு மாடி வயர் இழுத்து இணைப்பு கொடுத்தனர். அனலாக் முறையில் ஒரு சேனல் கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தை முழுதாக அடைத்துக்கொள்ளும். அதே இடத்தில் டிஜிட்டல் முறையில் பல சேனல்கள் அடங்கும். அனலாக்கில் எல்லாச் சேனல்களும் எல்லா வீடுகளுக்கும் ஒன்றாகவே போயின. எத்தனை வீடுகளில் இணைப்பு உண்டு என்பதற்குக் கேபிள்காரர் தரும் கணக்கே ஆதாரம். மகாராஷ்டிரத்தின் பெரிய நகரங்களில் இணைப்புக்கு மாதம் 45 ரூபாய் கேளிக்கை வரி இருந்தது. கணக்கு குறைத்துக் காட்டப்பட்டபோது அந்த வரியும் சேனல் நிறுவனங்களின் பங்கும் குறைந்தன.

சட்டமும் காலக்கெடுவும்

1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, கட்டணச் சேனல்களுக்கு மட்டும் செட்-டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கும் முறை 1 செப்டம்பர் 2003 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. 2006 இறுதியில் டெல்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பகுதிகளுக்கும் அது விரிந்தது. முழு டிஜிட்டல் மாற்றத்துக்கு 2011 அக்டோபரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் திருத்தச் சட்டமும் வந்தன. நான்கு பெருநகரங்களுக்கு விதிக்கப்பட்ட கெடு 31 அக்டோபர் 2012. அடுத்த கட்டத்தின் 38 நகரங்களுள் புனேயும் பிம்பிரி-சிஞ்ச்வாடும் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கோயம்புத்தூர் மட்டும் இருந்தது.

பெட்டியின் விலை

பழைய தொலைக்காட்சியைத் தூக்கி எறியத் தேவையில்லை. செட்-டாப் பாக்ஸ் பொருத்தினால் அதிலேயே படம் தெரியும். ஒரு பெட்டி ஏறத்தாழ 800 முதல் 1,500 ரூபாய் வரை விற்றது. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு, 2013 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் பெட்டிகளின் இறக்குமதி வரி 5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது. முன்பு ஒரே வயரைப் பிரித்து இரண்டு அறைகளில் பார்த்த வீடுகள் இப்போது இரண்டு பெட்டிகள் வாங்க வேண்டியிருந்தது.

அமெரிக்கா 12 ஜூன் 2009 அன்று பெரும் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பை நிறுத்துமுன், மாற்றுப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் சீட்டுகளை வழங்கியது. இந்திய அரசு அத்தகைய உதவி எதையும் தரவில்லை. தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனம் 2017-இல் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. கேபிளை விட்டு விலகியவர்களுக்குச் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வீட்டுக்கு ஒளிபரப்பும் டிடிஎச் நிறுவனங்கள் இருந்தன. மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையும் இருந்தது.

மாதக் கட்டணம்

2012-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 100 இலவசச் சேனல்கள் கொண்ட அடிப்படைத் தொகுப்புக்கு வரி நீங்கலாக 100 ரூபாய் உச்சவரம்பு விதித்தது. 2019 பிப்ரவரியில் வந்த புதிய முறையில் 100 சேனல்களுக்கான இணைப்புக் கட்டணம் 130 ரூபாய் வரை. கட்டணச் சேனல்களுக்கு விலை தனி. புனேயின் கட்கியிலோ ராஸ்தா பேட்டிலோ வசிக்கும் தமிழ்க் குடும்பம் அந்த நூற்றுக்குள் அன்று 19 ரூபாயாக இருந்த சன் டிவியை மட்டும் சேர்த்திருந்தால், 18 விழுக்காடு ஜிஎஸ்டி உட்பட மாதம் 175 ரூபாய் 82 காசு ஆகியிருக்கும். மராத்தி, இந்தி, விளையாட்டுச் சேனல்களும் வேண்டுமென்றால் தொகை மேலும் ஏறியது.

வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் என்பதே இம்முறையின் நோக்கம். ஆனால் சேனல் நிறுவனங்கள் தொகுப்புகளுக்குப் பெரும் தள்ளுபடி தந்ததால், தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது இலாபமற்றதாயிற்று. 2020-இல் டிராய் 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என மாற்றியது. வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிக்கு இணைப்புக் கட்டணம் முதல் தொலைக்காட்சிக்கான கட்டணத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பே நீக்கப்பட்டு, தொகையை முடிவு செய்யும் உரிமை கேபிள், டிடிஎச் நிறுவனங்களிடம் விடப்பட்டது.