போலீஸ் மோதல் மரணங்களும் பொறுப்பு நிர்ணயமும்

ஒருவரைக் கைது செய்யவோ, தேடிப் பிடிக்கவோ, காவலில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லவோ முற்படும் வேளையில், சர்க்காரின் ஆயுதம் தாங்கிய உத்தியோகஸ்தர்களால் அவர் சுடப்பட்டு இறப்பதே போலீஸ் மோதல் மரணம் எனப்படும்; பத்திரிகைகளும் பொதுமக்களும் இதனை என்கவுன்ட்டர் என்றே வழங்கி வருகின்றனர். இத்தகைய மரணத்துக்கு எவர் பொறுப்பு, அப்பொறுப்பை எந்த மன்றம் எம்முறையில் நிர்ணயிப்பது, உண்மையை மெய்ப்பிக்கும் கடமை யாரைச் சார்ந்தது என்னும் மூன்று கேள்விகளைச் சுற்றியே இந்தியாவில் பல பத்தாண்டுகளாக விவாதம் நடந்து வருகிறது. இவற்றுள் மூன்றாவது கேள்விக்கு நேரான விடை கிட்டாதவரையில் முதலிரண்டுக்கும் அளிக்கப்படும் விடைகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் பறித்தலாகாது என்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, கைதுக்கு உடன்படாமல் எதிர்ப்பவரை அடக்கத் தேவையான வழிகளைக் கையாளப் போலீஸாருக்கு இடமளித்துவிட்டு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் பிராணனைப் போக்கும் உரிமையை இப்பிரிவு எவருக்கும் வழங்கவில்லை என்று வரம்பிட்டது. 2024 ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அவ்வரம்பையே 43ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் சுட்டுவிடலாம் என்று இதனைத் திருப்பிப் படிப்பவர்கள் உண்டு. அது பிழையான வாசிப்பு. எதிர்ப்பும் இருந்து, வேறு வழியும் இல்லாதபோதுதான் அப்பிரிவுக்கே வேலை வருகிறது. இதற்கு அப்பால் போலீஸ்காரருக்கு எஞ்சி நிற்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவாக அளித்த தற்காப்பு உரிமையே. காக்கிச் சட்டை அணிந்த காரணத்தால் அவ்வுரிமை அங்குலமும் விரிவதில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பொறுப்பு நிர்ணயம் ஏன் தடைப்படுகிறது என்பதை அறிய, சம்பவம் நடந்த மறுநாள் காலையில் போலீஸ் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையைப் பார்ப்பதே போதும். அதில் புகார் கொடுத்தவர் மோதலில் பங்குகொண்ட இன்ஸ்பெக்டராகவோ சப்-இன்ஸ்பெக்டராகவோ இருப்பார். கொலை முயற்சி, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருத்தல் ஆகிய குற்றங்கள் சாட்டப்பட்டவராக இறந்துபோனவரே இருப்பார். சாட்சிகளாக இன்ஸ்பெக்டருடன் சென்ற போலீஸாரின் பெயர்களே வரிசையாக இடம்பெறும். சில மாதங்களுக்குப் பின், குற்றம் சாட்டப்பட்டவர் உயிருடன் இல்லையாதலால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதப்பட்டுக் கோப்பு மூடப்பட்டுவிடும். ஒரு மனிதர் மற்றொரு மனிதரின் கையால் இறந்திருக்கிறார் என்ற மூல உண்மையைப் பற்றி அக்கோப்பில் வழக்கே இல்லை. சுட்டவர் எந்த இடத்திலும் தாம் சுட்டதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாவதில்லை. இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயத்தில், மோதல் மரண விவாதத்தின் இருதயம் இங்கேதான் இருக்கிறது.

இந்த முட்டுக்கட்டையை முதலில் தொட்டது ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழுவின் முறையீடு. நக்சலைட்டுகள் என்று சொல்லப்பட்டவர்கள் அம்மாநிலத்தில் தொடர்ந்து சுட்டுக் கொல்லப்பட்டு வந்ததைப் பற்றி அக்குழு தேசிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் செய்ய, 1996 நவம்பரில் ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. தற்காப்பு என்பது விசாரணையில் நிறுவப்பட வேண்டிய ஒரு வாதமேயன்றி விசாரணையையே தவிர்ப்பதற்கான காரணமாகாது என்பது அதன் சாரம். ஆணையத்தின் தலைவராயிருந்த நீதிபதி எம். என். வெங்கடாசலய்யா 1997 மார்ச்சில் எல்லா முதலமைச்சர்களுக்கும் இதனை வழிமுறைகளாக எழுதியனுப்பினார். 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு இன்னும் ஒரு படி மேலே சென்று, போலீஸாரால் ஒருவர் இறந்தால் அம்மரணத்தைக் குறித்து வழக்குப் பதிய வேண்டுமென்றும், தற்காப்பு என்று சொல்பவர் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி அதனை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. ஏனைய பிரஜைகளுக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பொருந்தி வந்த விதியே இது. அதனைப் போலீஸாருக்கும் பொருத்தியதுதான் அத்தீர்ப்பின் புதுமை. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

பம்பாயில் 1995 முதல் 1997 வரை நடந்த 99 மோதல்களில் 135 பேர் வரை இறந்தது பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ஆர். எம். லோதாவும் நீதிபதி ரோகிண்டன் நாரிமனும் 2014 செப்டம்பர் 23 அன்று வழங்கிய தீர்ப்பே இன்று நாடெங்கும் செல்லுபடியாகும் விதி. அதில் கண்ட 16 நெறிமுறைகளின்படி, குற்றவாளியின் நடமாட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் துப்பு எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிவு செய்யப்பட வேண்டும், மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட வேண்டும், புலனாய்வை சி.ஐ.டி. அல்லது வேறொரு போலீஸ் நிலையத்தார், மோதலில் ஈடுபட்டவரைவிட ஒரு படியேனும் உயர்ந்த பதவியிலுள்ள அதிகாரியின் மேற்பார்வையில் நடத்த வேண்டும். மாஜிஸ்டிரேட் விசாரணை கட்டாயம். சுட்ட துப்பாக்கிகள் தடயவியல் பரிசோதனைக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். சம்பவத்தை அடுத்து உடனடியாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ வழங்கலாகாது. கடைசியில் சொன்ன விதியை உணர்ச்சியின் பாற்பட்டதென்று சிலர் ஒதுக்குவர். ஆனால் சுட்டால் நட்சத்திரம் கூடும் என்ற ஆசை ஓர் இலாகாவில் குடிகொண்டபின், எத்தனை மாஜிஸ்டிரேட்டுகள் விசாரித்தாலும் அந்த ஆசைக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதை அறிந்தே நீதிபதிகள் அதனைச் சேர்த்தனர் என்று கொள்வதே பொருத்தம். இந்நெறிமுறைகளின் குறையும் இத்தீர்ப்பிலேயே அடங்கியிருக்கிறது: வழக்குப் பதிய வேண்டுமென்று சொன்னதேயன்றி, அது யார் பேரில் பதியப்பட வேண்டுமென்று தீர்ப்பு திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆகையால் இறந்தவர் பேரிலேயே வழக்கெழுதி, நெறிமுறையை நிறைவேற்றிவிட்டோம் என்று சொல்லும் வழக்கம் நின்றபாடில்லை.

பொதுமக்களின் மனோபாவம் இவ்விஷயத்தில் எவ்வளவு ஆழமாகக் குறுக்கிடுகிறது என்பதற்கு ஹைதராபாத்தை அடுத்த சட்டன்பள்ளி சம்பவம் உதாரணம். இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்ட வழக்கில் பிடிபட்ட நால்வரை, குற்றம் நடந்த முறையை நடித்துக் காட்டவும் தடயங்களை மீட்கவும் என்று சொல்லிப் போலீஸார் 2019 டிசம்பர் 6 அன்று பொழுது புலருமுன் அழைத்துச் சென்றனர். நால்வரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் கற்களாலும் தடிகளாலும் தாக்கினர், ஆயுதங்களைப் பறித்தனர் என்றது போலீஸ் தரப்பு. செய்தி பரவியதும் ஜனங்கள் திரண்டு வந்து போலீஸார் மீது பூ இதழ்களைத் தூவினர். தோளில் தூக்கிக் கொண்டாடினர். அந்த மருத்துவரின் துயரத்தில் பங்குகொண்ட மனங்களின் கொதிப்பு அது, அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும் உச்ச நீதிமன்றம் நியமித்த, முன்னாள் நீதிபதி வி. எஸ். சிர்புர்க்கர் தலைமையிலான ஆணையம் சாட்சிகளையும் தடயங்களையும் ஆராய்ந்து, ஆயுதம் பறித்த கதை நம்பத்தக்கதன்று என்றும், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டனர் என்றும், இறந்தவர்களுள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் முடிவு கூறி, பத்துப் போலீஸாரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப் பரிந்துரைத்தது. 2022 மே மாதத்தில் அறிக்கையைப் பகிரங்கமாக்கிய உச்ச நீதிமன்றம், மேல்நடவடிக்கையைத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு விட்டது. பூத்தூவியவர்கள் கண்டதாக எண்ணிய நியாயம் அந்த மருத்துவருக்கும் கிடைக்கவில்லை; அவரைக் கொன்றவர் எவரென்று ஒரு நீதிமன்றம் சாட்சியம் கேட்டு அறிவிக்கும் சந்தர்ப்பமே அன்று காலை இல்லாமல் போயிற்று.

தமிழ்நாட்டு மலைக்கிராமங்களுக்கு இப்பிரச்சினை நெருங்கி வந்தது 2015 ஏப்ரல் 7 அன்று. திருப்பதியை அடுத்த சேஷாசலக் காடுகளில், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரத்துச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. காட்டுக்குள் கல்லெறிந்து தாக்கியதால் சுட நேர்ந்தது என்றது படை. பஸ்ஸிலிருந்தே சிலரை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் அளித்தனர். கணவனை இழந்த பெண்ணொருத்தி சந்திரகிரி போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்ததன் பேரில் கொலை வழக்குப் பதிவாயிற்று. ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடத்த ஹைதராபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்கூலிக்குக் கோடரி தூக்கியவர்களே இறந்தவர்கள். மரத்தை வாங்கி விற்றுப் பொருளீட்டிய பெருந்தனவந்தர் ஒருவரும் அப்பிணங்களின் நடுவே இல்லை.

சுட்டவர் தனிமனிதராகப் பொறுப்பேற்க வேண்டுமென்பது ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னும், உத்தரவிட்டவரின் பொறுப்பு எங்கே என்ற கேள்வி எஞ்சுகிறது. 1997 மார்ச் 31 அன்று டெல்லி கன்னாட் பிளேஸில், தாங்கள் தேடி வந்த ரௌடி என்று தவறாக எண்ணி ஒரு காரின் மீது போலீஸார் சுட்டதில் வியாபாரிகள் இருவர் இறந்தனர். உள்ளிருந்து முதலில் சுட்டார்கள் என்று நிலைநாட்டக் காருக்குள் ஒரு கைத்துப்பாக்கி வைக்கப்பட்டதாகவும் நீதிமன்றம் கண்டது. உதவி கமிஷனர் ஒருவரும் அவருடன் சென்ற ஒன்பது பேரும் ஆயுள் தண்டனை பெற, 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மேலதிகாரியின் கட்டளைப்படி நடந்தோம் என்ற வாதம் கீழ்நிலைப் போலீஸாரைக் காப்பாற்றவில்லை. உத்தரப் பிரதேசத்துப் பிலிபித்தில் 1991இல் யாத்திரை சென்ற சீக்கியர் பதின்மரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொன்ற வழக்கில், சி.பி.ஐ. நீதிமன்றம் 2016இல் 47 போலீஸாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2022 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசு ஊழியர் நல்லெண்ணத்துடன் அதிகார வரம்பை மீறினால் அது கொலையாகாது என்னும் 300ஆம் பிரிவின் மூன்றாம் விலக்கைப் பொருத்தி, 43 பேரின் தண்டனையை ஏழாண்டாகக் குறைத்தது. மனைவி மக்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் நிராயுதபாணிகளைச் சுட்டதில் நல்லெண்ணம் எங்ஙனம் புகுந்தது என்பது இக்கட்டுரையாசிரியருக்கு விளங்காத ஒன்று.

போலீஸ் தரப்பின் வாதத்தையும் பட்சபாதமின்றிக் கேட்க வேண்டும். ஆயுதம் ஏந்திய கும்பல்களின் முன்னே நின்று உயிரிழந்த போலீஸ்காரர்கள் உண்டு. கணப்பொழுதில் எடுத்த தீர்மானத்தை ஆண்டுகள் கழிந்தபின் சாவகாசமாக எடைபோடுவது அநீதி என்று அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை எடுத்துரைக்க ஏற்ற இடம் பகிரங்க நீதிமன்றமே. மெய்யாகவே தற்காப்புக்காகச் சுட்ட உத்தியோகஸ்தரின் மேல் படிந்த சந்தேகத்தை நீக்கவல்லதும் அதுவே. அங்கே போவதற்கு முன்னால் சர்க்காரின் அனுமதி வேண்டுமென்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு வைத்த வாசற்படியில் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. புதிய சட்டத்தின் 218ஆம் பிரிவு, 120 நாட்களுக்குள் சர்க்கார் முடிவெடுக்காவிடில் அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. இது மெய்யான முன்னேற்றம்.

மணிப்பூரில் 1528 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று இறந்தோரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான குழு மாதிரிக்காக எடுத்து ஆராய்ந்த ஆறு சம்பவங்களுள் ஒன்றேனும் உண்மையான மோதலாக இருக்கவில்லை. ஆயுதப் படைகளுக்கான விசேஷ அதிகாரச் சட்டம் அமலிலுள்ள இடத்திலும் முழு விலக்குரிமை எவருக்கும் கிடையாதென்று நீதிபதிகள் மதன் லோகுரும் யு. யு. லலித்தும் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டு சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. இத்தகைய வழக்குகளில் சுட்டவருக்கு மேலே நின்று திட்டமிட்டவரையோ, அறிந்தும் தடுக்காதவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமாயின், சதியோ உடந்தையோ தனியே நிரூபிக்கப்பட வேண்டும். தன் கீழுள்ளோர் செய்த கொலைக்கு மேலதிகாரி பதில் சொல்ல வேண்டுமென்று நேரடியாகக் கூறும் பிரிவு நம் பழைய தண்டனைச் சட்டத்திலும் இல்லை, அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சேர்க்கப்படவில்லை.