பூவிருந்தவல்லியிலிருந்து புதுச்சேரிக்கு: திருமணப் பதிவேடுகளில் ஒரு முன்னோடிக் குடும்பத்தைத் தேடி



மத்தேயு நற்செய்தி ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் அது வாசிக்கப்படும்போது, எப்போது முடியும் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. ஆயினும் அந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், தந்தையரின் நீண்ட வரிசைக்கு நடுவே தாமார், இராகாபு, ரூத்து, மரியா ஆகிய பெண்களின் பெயர்கள் நிற்பதைக் காணலாம். இன்னொரு பெண்ணும் இருக்கிறார். அவருக்கு அங்கே சொந்தப் பெயர் இல்லை. உரியாவின் மனைவி என்று மட்டும் குறிக்கப்படுகிறார். சாமுவேல் இரண்டாம் நூலைப் புரட்டினால்தான் அவர் பெயர் பத்சேபா என்று தெரியவருகிறது. ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய ஒரே ஓர் ஏடு போதாது என்பதை விவிலியமே நமக்குக் காட்டுகிறது.

தங்கள் முன்னோர் யார், எந்த ஊரிலிருந்து வந்தனர், எப்போது திருமுழுக்குப் பெற்றனர் என்று அறிய விரும்புவோர் இன்று பெருகி வருகின்றனர். அவர்கள் கையில் இரண்டு வகை ஆதாரங்கள் உண்டு. ஒன்று, பெரிய மனிதர்களைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளும் நாட்குறிப்புகளும். மற்றொன்று, பங்குக் கோவிலின் பழைய திருமணப் பதிவேடு. முதலாவது புகழ்பெற்ற சிலரைப் பற்றி மிகுதியாகப் பேசும். இரண்டாவது எல்லாரைப் பற்றியும் சிறிதளவு பேசும். இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி என்பதை, நூம்பலுக்கு அருகிலுள்ள பூவிருந்தவல்லியிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தின் வழியாகக் காண்போம்.

தானப்ப முதலியார் குடும்பம்

பிரான்சுவா மார்த்தேன் 1674ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகத் தலத்திற்கு அடித்தளமிட்டார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் பூவிருந்தவல்லியிலிருந்து அங்கே சென்று குடியேறிய கத்தோலிக்கர் தானப்ப முதலியார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே தரகராக, அதாவது துபாசியாக, அவர் பணியாற்றினார். அவருக்குப்பின் அக்குடும்பத்தின் லாசர் அப்பொறுப்பை ஏற்றார். பிறகு வந்தவர்தான் புகழ்பெற்ற பேதுரு கனகராய முதலியார்.

இடையில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. 1708இல் நைனியப்பப் பிள்ளை என்ற இந்து வணிகர் தலைமைத் தரகரானார். 1716இல் அவர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவர் பதவி இழந்ததில் அன்றைய இயேசு சபைக் குருக்கள் சிலரின் வற்புறுத்தலுக்கும் பங்கு உண்டு. அவர் இடத்திற்குக் கனகராயர் வந்தார். நைனியப்பர் மீதான தீர்ப்பு அவர் இறந்தபின் பிரான்சில் மாற்றப்பட்டது. அவருடைய மகன் குருவப்பா பிரான்சு சென்று திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி, 1722இல் தரகரானார். 1724இல் அவர் இறந்ததும் கனகராயரே மீண்டும் வந்து, 1746 பிப்ரவரியில் இறக்கும் வரை பதவியில் இருந்தார்.

கனகராயரின் ஒரே மகன் 1739இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் நினைவாகத் தந்தை எழுப்பிய கோவில்தான் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் உள்ள புனித அந்திரேயா ஆலயம். 1745ஆம் ஆண்டு அதன் திறப்பு விழாவிற்கு எல்லாச் சாதியினரையும் ஐரோப்பியரையும் அவர் விருந்துக்கு அழைத்தார். சாதிவாரியாகத் தனித்தனியே சமையலும் பந்தியும் ஏற்பாடு செய்யப்பட்டன. கிறிஸ்தவக் கோவிலின் விழாவில் சாதி வழக்கம் அப்படியே தொடர்ந்தது என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை.

நாட்குறிப்பு சொல்வதும் சொல்லாததும்

இவற்றில் பலவற்றை நாம் அறிய உதவுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்த இவர், 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்தார். ஆனால் இவர் நைனியப்பரின் உறவினர். கனகராயருக்குப்பின் அதே துபாசிப் பதவிக்கு வந்தவர். எனவே கனகராயரைப் பற்றி அவர் எழுதுவது போட்டியாளரின் எழுத்து என்ற நினைவோடு அதைப் படிக்க வேண்டும். குடும்பத்தார் எழுதிய வரலாறு என்றால் புகழ்ச்சியைக் கழித்துப் படிக்க வேண்டும். போட்டியாளர் எழுதியது என்றால் பகையைக் கழித்துப் படிக்க வேண்டும்.

கனகராயர் இறந்தபின் அவர் சொத்துக்காக அவருடைய மனைவிக்கும் தம்பிக்கும் வழக்கு எழுந்தது. ஆளுநர் துய்ப்ளே அதைச் சாதித் தலைவர்களின் தீர்ப்புக்கு விட்டார். தம்பியே வாரிசு, மனைவியையும் மருமகளையும் அவர் பராமரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கணவனை இழந்த மாமியார், கணவனை இழந்த மருமகள்: ரூத்தையும் நகோமியையும் நினைவூட்டும் இருவர். இப்படிப்பட்ட பெண்கள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மருமகள்’ என்றே கடந்து போகின்றனர். ஒரு பெண் தன் சொந்தப் பெயரோடும் தன் தந்தையின் பெயரோடும் தன் ஊரின் பெயரோடும் நிற்கும் இடம் திருமணப் பதிவேடு.

திருமணப் பதிவேடு எவ்வாறு வந்தது?

திரிதெந்து பொதுச்சங்கம் 1563 நவம்பர் 11 அன்று வெளியிட்ட ஆணையில், திருமணம் பங்குக்குரு முன்பாகவும் குறைந்தது இரு சாட்சிகள் முன்பாகவும் நடைபெற வேண்டும் என்றும், மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றைக் குரு ஓர் ஏட்டில் எழுதிப் பாதுகாக்க வேண்டும் என்றும் விதித்தது. மறைவாகத் திருமணம் செய்துகொண்டு பின்னர் மனைவியைக் கைவிடும் கொடுமையைத் தடுப்பதே இதன் முக்கிய நோக்கம். ஆக, திருமணப் பதிவேடு தொடக்கத்திலேயே பெண்ணுக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

1907இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் வந்த ஆணை, 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல், நடந்த திருமணத்தை மணமக்களின் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் குறிக்கச் செய்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் (எண் 1122) இதையே கேட்கிறது. பாட்டியின் திருமுழுக்குப் பதிவைக் கண்டுபிடித்தால், அவர் எந்தக் கோவிலில் யாரை மணந்தார் என்பது அதன் ஓரத்திலேயே கிடைக்கக்கூடும். இது தேடுவோருக்குப் பெரும் துணை.

பெயர்களைப் படிக்கும் முறை

தேடுவோர் பலர் தடுமாறுவது பெயர்களில்தான். பழைய ஏடுகளைக் குருக்கள் போர்த்துக்கீசியம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுதினர். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ரோ அல்லது பேத்ருஸ் ஆக இருப்பார். சின்னப்பன் பவுலாகவும், அருளப்பன் யோவானாகவும், யாகப்பன் யாக்கோபாகவும், சூசை யோசேப்பாகவும், ஞானப்பிரகாசம் அலோசியஸாகவும் இருப்பர். தேவசகாயம் என்பது லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் திருமுழுக்குப் பெயர் அதுவே.

இந்தச் சாவியைக் கொண்டு பூவிருந்தவல்லிக் குடும்பத்தைத் திறந்து பாருங்கள். தானப்ப முதலியாரின் திருமுழுக்குப் பெயர் அந்திரேயா. கனகராயரின் மகன் பெயர் நூல்களில் வேலவேந்திரர் என்று காணப்படுகிறது. முருகனின் வேலைக் குறிக்கும் பெயரோ என்று தோன்றும். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் பெலவேந்திரர் என்றால் அந்திரேயா! மகன் நினைவாக எழுந்த கோவிலும் புனித அந்திரேயாவின் கோவிலே. பூவிருந்தவல்லியிலிருந்து சென்ற முன்னோரின் புனிதப் பெயர் பின்வந்த தலைமுறையிலும் ஒலித்திருக்கிறது. மூத்தவர் பெயரை இளையவருக்கு இடும் நம் வழக்கம், தேடுவோருக்கு ஒரு கைவிளக்கு. அதே வழக்கத்தால் ஒரே பெயரில் பலர் இருப்பர் என்பதால், தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்தாமல் ஒருவரை நம் முன்னோர் என்று முடிவுகட்டக் கூடாது. முதலியார், பிள்ளை போன்றவை பலருக்கும் பொதுவான பட்டங்கள். அவற்றை வைத்து உறவு சொல்ல முடியாது.

விதிவிலக்குக் குறிப்புகள்

திருமணப் பதிவில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. இரத்த உறவுத் தடையிலிருந்து ஆயர் விதிவிலக்கு அளித்தார் என்ற குறிப்பே அது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் நாட்டில் இது அடிக்கடி காணப்படும். பழைய கணக்கில் இரண்டாம் படி உறவு என்றிருந்தால், மணமக்களுக்குத் தாத்தா பாட்டி பொது என்று பொருள். முதல் படியும் இரண்டாம் படியும் கலந்தது என்றிருந்தால், அது அக்காள் மகளை மணந்தது போன்ற திருமணம். மூன்றாம் படி என்றால் கொள்ளுத் தாத்தா பொது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்ணும் முறை மாறிவிட்டது. மாமன் மகள் இப்போது நான்காம் படி. எனவே ஆண்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஒரே வரி மேல் தலைமுறைகளைச் சேர்த்துக் கட்டித் தந்துவிடும்.

எந்தக் கோவிலில் தேடுவது?

ஒரே ஊரிலும் ஏடுகள் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். பழைய புதுச்சேரியில் ஐரோப்பியருக்குக் கப்புச்சின் குருக்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இயேசு சபைக் குருக்களும் பணியாற்றினர். அந்நகரின் 1676 முதலான பதிவுகளின் சுருக்கத்தைப் பின்னாளில் ஆளுநர் மர்த்தினோ அச்சிட்டார். அதில் மிகுதியாக இருப்பவர்கள் ஐரோப்பியரும் கலப்பினத்தாருமே.

சென்னையிலும் இவ்வாறே. 1606இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துக்கீசிய அரசின் ஆதரவு உரிமையில் இருந்தது. கப்புச்சின் குருக்கள் 1642இல் தொடங்கிய சென்னைப் பணித்தளம் உரோமையின் நேரடிப் பொறுப்பில் வளர்ந்து, 1886இல் உயர்மறைமாவட்டமானது. 1952இல்தான் இரண்டும் ஒன்றாயின. அதற்கு முன் நடந்த திருமணம் என்றால், அந்தக் கோவில் அன்று எந்த ஆயரின் கீழ் இருந்தது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே மூத்த பிள்ளையின் திருமுழுக்கைத் தாயின் பங்கிலும் தேடுங்கள். ஓலை வாசிப்பு இரு பங்குகளிலும் நடந்திருக்கும் என்பதால், ஒரு பங்கின் ஏடு அழிந்திருந்தாலும் மற்றதில் தடயம் இருக்கலாம்.

தேடுவோருக்குச் சில அறிவுரைகள்

1. உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். புகழ்பெற்ற ஒருவரிடமிருந்து தொடங்கி உங்களை நோக்கி வராதீர்கள்.

2. பங்குக்குருவுக்கு எழுதும்போது பெயர், பெற்றோர் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

3. வீட்டுப் பெயர், திருமுழுக்குப் பெயர் இரண்டையும் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். குறிப்பாகப் பாட்டி, கொள்ளுப் பாட்டி ஆகியோரின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் கேளுங்கள்.

4. ஏடுகளில் பிறரின் துயரங்களும் இருக்கும். தற்செயலாகக் கண்ணில் பட்டதை வெளியே பேசாதீர்கள்.

5. கண்டது எதுவாயினும் அதை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுங்கள். கடன், வழக்கு, கைவிடப்பட்ட பிள்ளை, அநீதியில் பங்கு ஆகியவை எந்தக் குடும்பத்திலும் இருக்கும்.

நூம்பல், வானகரம், வேலப்பன்சாவடி பகுதிகளில் இன்று வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களில் பல, வேலை தேடிப் பிற மாவட்டங்களிலிருந்து வந்தவை. அவர்களின் ஏடுகள் தொலைவில் உள்ள பங்குகளின் பீரோக்களில் இருக்கின்றன. ஈரமும் கரையானும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. திருச்சபைச் சட்டம் (எண் 535) பழைய ஏடுகளைக் கருத்தாய்ப் பேணும்படி பங்குக்குருக்களைப் பணிக்கிறது. ஏடுகளைப் படியெடுக்கவும் பாதுகாக்கவும் மக்கள் முன்வந்து கேட்டால், அந்தக் கடமை எளிதாகும்.

குலப்பெருமைக்காக முன்னோரைத் தேடினால், நமக்குப் பிடித்த பெயர்கள் மட்டுமே கண்ணில் படும். நன்றியோடு தேடினால், விருந்து வைத்தவரோடு அந்த விருந்தில் தனிப் பந்தியில் அமர்த்தப்பட்டவரும் தெரிவார். துபாசியோடு அவர் வீட்டுக் கைம்பெண்களும் தெரிவர். மத்தேயு தம் பட்டியலிலிருந்து உரியாவின் மனைவியை நீக்கிவிடவில்லை. நம் குடும்பப் பட்டியலும் அவ்வாறே யாரையும் விடாததாக அமையட்டும். இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.