வயிற்றுப்போக்கு வைரஸ்கள்: கண்டறிதலும் வகைப்படுத்தலும்

சமயபுரம் மாரியம்மன் கோயில் விழா போன்று மக்கள் திரளும் இடங்களில் பலருக்கு ஒரே வேளையில் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அறிகுறிகளை மட்டும் கொண்டு காரணக் கிருமியை உறுதிசெய்ய இயலாது. மல மாதிரியை ஆர்டி-பிசிஆர் போன்ற முறைகளில் பரிசோதித்தே வைரஸ் வகைப்படுத்தப்படுகிறது.

நோரோ வைரஸ் (1972இல் கண்டறியப்பட்டது): எல்லா வயதினரையும் தாக்கும், உணவு, நீர், கைகள் வழியே விரைந்து பரவும்.

ரோட்டா வைரஸ் (1973): பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். தமிழ்நாட்டில் 2017 முதல் இதற்கான தடுப்பு மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் தவறாது அளியுங்கள். இது நோரோ வைரஸைத் தடுக்காது.

அடினோ (40, 41ஆம் வகைகள்), அஸ்ட்ரோ வைரஸ்கள்: இவையும் பெரும்பாலும் குழந்தைகளையே தாக்கும்.

நோரோ வைரஸுக்கு எதிராகச் சானிடைசர் போதாது, சோப்பால் கைகழுவுங்கள். நோயுற்றவருக்கு உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், மருத்துவர் கோரினால் மல மாதிரி அளிக்கத் தயங்காதீர்கள்.