கொட்டாங்கச்சிக் குதிரை

ஒரு தட்டு மணலும் இரண்டு கொட்டாங்கச்சியும் இருந்தால் குதிரை ஓடிவிடும். வானொலி நாடகத்தின் சூட்சுமமே அதுதான். 1933 ஜனவரி 30-ஆம் தேதி அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நிலையம் ஒன்று 'லோன் ரேஞ்சர்' என்னும் முகமூடி வீரனைக் குதிரையேற்றி அனுப்பிற்று. வாரம் மூன்று நாள். ரோஸினியின் 'வில்லியம் டெல்' சங்கீதம் முழங்கியதும் பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து பெட்டியண்டை ஓடுவார்களாம். 1954 வரை அந்தக் குதிரை இளைக்கவேயில்லை.

பெரியவர்களுக்கென்று 1952-ல் வந்தது 'கன்ஸ்மோக்'. அதன் மார்ஷல் மாட் டில்லனாகப் பேசியவர் வில்லியம் கான்ராட். கணீரென்ற குரல், உடம்போ குட்டை, பருமன். 1955-ல் அதே கதை டெலிவிஷனுக்குப் போனபோது நெடிய ஆகிருதி உள்ள ஜேம்ஸ் ஆர்னெஸ் அந்த வேஷத்தைப் பெற்றார். வானொலியில் கான்ராட் 1961 வரை பேசிக்கொண்டிருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும். கண் குறுக்கே வந்தால் காதுக்கு மதிப்பில்லை.

நம் பக்கம் 1939 மே 16-ஆம் தேதி திருச்சி நிலையம் பிறந்தது. திருவையாற்றுக்காரர்களான எங்களுக்கு ரேடியோ என்றால் முதலில் தியாகப்பிரம்ம ஆராதனைதான், நாடகமெல்லாம் பிறகு. ஆரம்ப வருஷங்களில் நாடகங்களைப் பெரும்பாலும் அப்படியே நடித்து ஒலிபரப்பினார்கள். பேசினது காவிரிக் காற்றோடு போயிற்று. லோன் ரேஞ்சரில் நூற்றுக்கணக்கான பகுதிகளை இன்றும் கேட்கலாம்; நம் பழைய குரல்களில் தங்கினவை சொற்பம். நம் வீரனின் குதிரையோ 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' பத்திரிகையின் காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தியத்தேவனுக்குக் கொட்டாங்கச்சி தேவைப்படவில்லை.

ஆனால் துணிச்சல் கதை ஒன்று தஞ்சை ஜில்லாவில் வானொலி வழியாகவே நடந்தது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணை, ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலந்து, ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தை உண்டாக்கி 1965-ல் வெளியிட்டது. அடுத்த வருஷம் திருச்சி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்புக்குத் தனிப் பிரிவு வந்தது. உரம் எவ்வளவு, நாற்றின் வயசென்ன என்று சாயங்காலங்களில் ரேடியோ பேசிற்று.

கேட்டவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேற்கத்திய நாடகத்தில் குண்டு குறி தவறினால் அடுத்த வாரம் மறுபடி சுடலாம். இவனுக்கு ஒரு குறுவை தவறினால் கடன். அறுப்பு நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் களத்திலேயே நெல் நாசம். பாட்டன் விதைத்த விதையைத் தள்ளிவிட்டு, முகம் தெரியாத ஒரு குரலை நம்பி வயலில் இறங்குவதென்றால் லேசா? இறங்கினார்கள். கடைக்காரரிடம் போய் ஏ.டி.டி. என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. "ரேடியோ நெல் இருக்கா?" என்றே கேட்டார்கள்.